ஒற்றை எஞ்சின் படகில் பௌ த்ரஸ்டர்: எதற்கு உதவுகிறது, எதற்கு உதவாது

என் படகு 8 மீட்டர் நீளம், ஒரே டீசல் எஞ்சின். முன்பக்கம் உயரம், ஆனால் தண்ணீருக்குள் ஆழமில்லை. பக்கக் காற்று அடித்தால் மூக்கு அது பாட்டுக்குக் காற்றோடு போய்விடும். நெருக்கமான துறையில் இதோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய்த்தான் 12 வோல்ட் பௌ த்ரஸ்டர் பொருத்தினேன். மூக்கைப் பக்கவாட்டில் தள்ளுவதற்கென்று முன்பக்கம் தண்ணீருக்கடியில் இருக்கும் சின்ன மின் ப்ரொப்பெல்லர்தான் இது. 40 கிலோ தள்ளுவிசை கொண்ட ரகம்.

ரிவர்ஸில் வெளியே வருவதற்கு இதை அடிக்க ஆளில்லை. ரிவர்ஸ் போட்டால் ப்ரொப்பெல்லர் தள்ளும் தண்ணீர் சுக்கானில் படாது. வேகம் பிடிக்கும்வரை சுக்கான் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். போதாததற்கு என்னுடையது வலச்சுற்று ப்ரொப்பெல்லர் (முன்னால் போகும்போது, பின்னாலிருந்து பார்த்தால் கடிகாரத் திசையில் சுற்றும்), ரிவர்ஸில் பின்பக்கத்தை இடப்பக்கம் இழுக்கும். இப்போது மூக்கை இடப்பக்கம் ஓரிரு விநாடி தட்டிவிட்டால் படகு நேராகிவிடுகிறது. பின்னால் போகும்போது படகு திரும்பும் மையம் பின்பக்கம் நகர்ந்துவிடும், அதனால் மூக்கில் கொடுக்கிற சின்னத் தள்ளலுக்கே நல்ல பலன். முன்னால் போகும்போது அந்த மையம் மூக்குக்குப் பக்கத்தில் வந்துவிடுவதால் பலன் குறைவு. வேகம் 2 நாட் (knot, மணிக்கு சுமார் 3.7 கி.மீ.) தாண்டினால் சத்தம்தான் மிச்சம். அந்தச் சத்தமும் லேசுப்பட்டதில்லை, மிக்ஸிக்குள் கூழாங்கல் போட்ட மாதிரி.

மின்சாரத்தை அப்படிக் குடிக்கிறது. ஓடும்போது 200 ஆம்பியருக்கு மேல். பொருத்த வந்தவர் பின்னாலிருக்கும் எஞ்சின் பேட்டரியிலிருந்தே கேபிள் இழுத்துவிட்டுப் போனார். அவ்வளவு நீளத்தில் வோல்டேஜ் விழுந்து, பலமான காற்றில் த்ரஸ்டர் முனகியது. முன்பக்கம் தனி பேட்டரி வைத்த பிறகுதான் சொன்ன விசை கிடைத்தது. அப்புறம், இதைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இருக்க முடியாது. சில நிமிடங்களில் மோட்டார் சூடாகித் தானே நின்றுவிடும். தட்டு, விடு, பார். அவ்வளவுதான்.

பின்பக்கத்தை இது நகர்த்தித் தராது. காற்று படகைத் துறையோடு அமுக்கிப் பிடிக்கும்போது நான் இன்றும் ஸ்பிரிங் கயிறுதான் போடுகிறேன். படகின் மூக்கிலிருந்து பின்னோக்கிப் போய்த் துறையில் கட்டிய கயிறு, மூக்கோரம் உரசாமலிருக்கப் பெரிய ஃபெண்டர் (காற்றடைத்த மெத்தை மாதிரி), சுக்கான் துறைப்பக்கம். எஞ்சினை மெதுவாக முன்னோக்கிப் போட்டால் பின்பக்கம் தானே விலகி வெளியே வரும். பிறகு ரிவர்ஸ் போட்டுக் கயிற்றை எடுத்துவிட வேண்டியதுதான். பேட்டரியும் தீராது, சூடும் ஆகாது.

ஒடுக்கமான இடத்தில் வலப்பக்கம் திரும்பவும் த்ரஸ்டர் அவசியமில்லை. சுக்கானை முழுக்க வலம் திருப்பி வைத்துவிட்டு, முன்னால் ஒரு சின்ன உதை, ரிவர்ஸில் ஒரு சின்ன உதை. ரிவர்ஸின் இடப்பக்க இழுப்பே படகைச் சுழற்றிவிடும். இடப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் அதே இழுப்பு எதிரியாகிவிடும், அங்கே த்ரஸ்டர் கைகொடுக்கிறது.

இரட்டை எஞ்சின் வைத்திருப்பவர்கள் ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் போட்டே திரும்பிவிடலாம். அவுட்போர்ட் (படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் மோட்டார்) என்றால் மோட்டாரே திரும்புகிறது. இந்த இரண்டு பேருக்கும் பெரும்பாலும் இது வீண் செலவு. என்னைப்போல ஒற்றை எஞ்சினோடு, அதுவும் தனியாக ஓட்டுகிறவர் தாராளமாக வாங்கலாம். ரிமோட்டையும் சேர்த்தே வாங்குங்கள். படகின் நடுவில் கயிற்றோடு நின்றபடியே மூக்கைத் தள்ள முடிவது எனக்கு த்ரஸ்டரைவிடப் பெரிய வசதியாகத் தெரிகிறது.