மஞ்சளைப் பார்த்து அன்னாசி வாங்கி ஏமாந்துவிட்டேன்

போன வைகாசியில் அக்கா மகளுக்குச் சடங்கு. தாய்மாமன் நான்தான். சீர்த்தட்டில் அன்னாசி கட்டாயம் வேண்டும், பந்தியில் பைனாப்பிள் கேசரியும் போட வேண்டும் என்று அக்கா உத்தரவு. கொல்லிமலைப் பழமாகவே இருக்கட்டுமே என்று மலையடிவாரத்தில் ஒரு வியாபாரியைப் பிடித்தேன். "எல்லாம் செடியிலேயே பழுத்தது சார், தேனாட்டம் இருக்கும்" என்றார். 25 பழம், கிலோ 60 ரூபாய். முழுப் பணத்தையும் அன்றைக்கே ஜிபேயில் போட்டது என் முதல் முட்டாள்தனம். பில் கேட்காதது இரண்டாவது.

முதல்நாள் சாயங்காலம் பழம் வந்து இறங்கியது. காம்பிலிருந்து கொண்டை வரைக்கும் பெயின்ட் அடித்த மாதிரி ஒரே மஞ்சள், 25-ம் அச்சு வார்த்தாற்போல. வீட்டுப் பெண்களுக்கு ஒரே சந்தோஷம். ராத்திரி சமையல் மாஸ்டர் ஒன்றை எடுத்துக் காம்புப் பக்கம் மோந்து பார்த்தார். "வாசமே இல்லையே தம்பி?" அறுத்தால் உள்ளே வெள்ளை வெளேர். நடுத்தண்டு கட்டை மாதிரி கத்திக்கு வளையவில்லை. அன்னாசியில் அடிப்பக்கம்தான் இனிப்பு அதிகம் என்று அங்கே ஒரு துண்டு நறுக்கிக் கொடுத்தார். பல் கூசிவிட்டது.

வியாபாரிக்குப் போன் போட்டேன். "ரெண்டு நாள் வெச்சிருங்க சார், இனிப்பு ஏறிடும்."

விடிந்தால் விசேஷம்! மாஸ்டர் சர்க்கரையை அள்ளிக் கொட்டி எப்படியோ கேசரியை ஒப்பேற்றினார். மிஞ்சிய ஆறு பழத்தை வீம்புக்கென்றே ஐந்து நாள் வைத்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டு அத்தை சொன்னபடி இரண்டைத் தலைகீழாகவும் நிறுத்தினேன். தோல் இன்னும் பழுப்பேறியது, ஒன்று காம்போரம் அழுகியது, புளிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

அப்புறம் மலையில் அன்னாசி போட்டிருக்கும் ஒரு பெரியவரிடம் கேட்டபோதுதான் விஷயம் விளங்கியது. வாழைக்காயில் மாவு இருக்கிறது, பறித்த பிறகும் அது சர்க்கரையாக மாறும். அன்னாசியில் அந்த இருப்பு கிடையாது. செடியில் நிற்கிற வரைக்கும் இலை அனுப்புகிற சர்க்கரைதான். வெட்டிய நிமிஷத்தோடு அந்தக் கணக்கு முடிந்தது. அதற்கப்புறம் தோலின் பச்சை மட்டும்தான் போகும். பூ எடுத்து நாலரை, ஐந்து மாசம் பழம் செடியில் நிற்க வேண்டும். விலை ஏறியிருக்கும்போது அவசரப்பட்டு முன்கூட்டியே வெட்டி, எத்திலீன் என்ற பழுக்க வைக்கும் வாயுவை வெளிவிடுகிற எத்தஃபோன் மருந்தில் முக்கியோ அடித்தோ மஞ்சளாக்கிவிடுகிறார்கள்.

இதே மருந்தைச் செடி 40 இலை விட்டதும் குருத்தில் ஊற்றுவதும் உண்டு. எல்லாச் செடியும் ஒன்றாகப் பூப்பதற்காகச் செய்கிற சாதாரணப் பண்ணை வேலை அது, அதைச் சொல்லி விவசாயியைத் திட்டாதீர்கள். பறித்த பழத்தை மருந்துத் தண்ணீரில் முக்குவதுதான் கூடாது. பழுக்க வைக்கும் அறையில் எத்திலீன் வாயு 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்கு) வரைக்கும் விடலாம் என்பதுதான் விதி. கார்பைடு கல்லுக்கு அறவே தடை.

இனி நான் நிறத்தைப் பார்க்கப் போவதில்லை. செடியில் பழுக்கிற பழம் அடியிலிருந்து மேலே மஞ்சளாகிக்கொண்டு போகும். அதனால் கொண்டையோரம் கொஞ்சம் பச்சை இருந்தாலும் பரவாயில்லை, அடியில் மணம் வர வேண்டும், கையில் கனக்க வேண்டும். கொண்டை இலையைப் பிடுங்கி, சுலபமாக வந்தால் பழுத்தது என்று பார்க்கிற வித்தையை நம்பாதீர்கள். மொத்தமாக எடுத்தால் நீங்கள் காட்டுகிற பழத்தை அறுக்கச் சொல்லுங்கள், அவராக எடுத்து நீட்டுகிற பழத்தை அல்ல.

பணம் திரும்பி வரவில்லை. "அன்னைக்கே திருப்பி அனுப்பியிருக்கணும் சார்" என்று சொல்லி போனை வைத்துவிட்டார். நேற்று அவர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு டெம்போ நிறைய பழம், ஒன்றில்கூடப் பச்சைப் பொட்டு இல்லை. கீழே எழுதியிருந்தது: 'செடியில் பழுத்த மலை அன்னாசி, விசேஷங்களுக்கு அணுகவும்.'