காட்பாடியிலிருந்து பெங்களூருக்குப் போன பொடிப் படிகங்கள்: ஒரு எலக்ட்ரான் விளிம்பு விளைவுச் சேவை பற்றி

செல்லின் உறையில் பதிந்திருக்கும் சவ்வுப் புரதங்களோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்குப் படிகமே கிடைக்காத ஏமாற்றத்தைவிட, கிடைத்த படிகம் மிகச் சிறியதாகவே நின்றுவிடும் ஏமாற்றம் பெரிது. புரதத்தின் அணு அமைப்பைக் கண்டறியும் எக்ஸ் கதிர் முறைக்குப் போதாத அத்தகைய படிகங்களில் எலக்ட்ரானைப் பாய்ச்சி, அது சிதறி விழும் புள்ளிகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பதிவுசெய்து (இதுவே எலக்ட்ரான் விளிம்பு விளைவு முறை) தரவு எடுத்துத் தரும் ஒரு பெங்களூர்க் கட்டணச் சேவையை வேலூரில் உள்ள எங்கள் ஆய்வகம் பயன்படுத்தியது. தரவு எடுப்பதில் அவர்கள் கைதேர்ந்தவர்கள். மாதிரி தயாரிப்பைத்தான் தங்கள் குறிப்பேட்டில் மிக எளிதாகக் காட்டிவிடுகிறார்கள்.

முறையில் குறையில்லை. 2013இல் தமிர் கோனென் என்ற ஆய்வாளரின் குழுவினர் லைசோசைம் என்ற புரதத்தில் செய்துகாட்டிய இம்முறையைக் கொண்டு, 2018இல் NaK என்ற அயனிக் கால்வாயின் அமைப்பும், 2021இல் மனித அடினோசின் ஏற்பியின் அமைப்பும் (2.8 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில், ஒரே ஒரு படிகத்திலிருந்து; ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) கண்டறியப்பட்டன. இரண்டுமே சவ்வுப் புரதங்கள். எக்ஸ் கதிரைவிட எலக்ட்ரான் பொருளோடு பல்லாயிரம் மடங்கு வலுவாக வினைபுரிவதால் சில நூறு நானோமீட்டர் தடிமனே போதும். அதைவிடத் தடித்தால் ஒரே எலக்ட்ரான் பலமுறை சிதறி, புள்ளிகளின் செறிவை நம்ப முடியாமல் போகும்.

எங்கள் புரதப் படிகங்கள் மோனோஒலீன் என்ற கொழுப்புப் பொருள் கலந்த கனசதுர லிப்பிடுக் கூழில் வளர்ந்தன. பற்பசை போல ஒட்டும் இந்தக் கூழை ஏறத்தாழ 20 டிகிரியில் வைத்திருக்க வேண்டும். மிகவும் குளிர்ந்தால் மோனோஒலீன் உறைந்து படிகங்கள் வீணாகும். அப்படியிருக்க, மாதிரியை ஐஸ் பொதியோடு அனுப்பச் சொன்னது அவர்களுடைய குறிப்பேடு. கரையும் புரதங்களுக்கு எழுதியதை அப்படியே எங்களுக்கும் நீட்டிவிட்டார்கள் போலும்! கத்திரி வெயிலில் கூரியரை நம்ப மனம் வராமல், 20 டிகிரிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் ஆய்வு மாணவர் காட்பாடியில் ரயில் ஏறினார். கேட்டபோது மறுக்காமல் தவற்றை ஏற்று, குறிப்பேட்டைத் திருத்தி அனுப்பினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

அடுத்த சிக்கல் கூழை அகற்றுவது. கொழுப்பைச் சிதைக்கும் லிப்பேஸ் நொதியைச் சேர்த்தோ, எம்.பி.டி. என்ற கரைப்பானைக் கலந்தோ கூழை இளக்கி, நுண்ணோக்கியில் மாதிரியைத் தாங்கும் 3 மில்லிமீட்டர் வலைத்தட்டில் (கிரிட்) இட்டு, உறிஞ்சுதாளால் ஒற்றியெடுத்து உறையவைப்பது அடிப்படைக் கட்டணத்தில் அடங்கும். எங்கள் படிகங்கள் அதில் பாதி கரைந்துபோயின. எஞ்சிய கூழைச் சீவி, மெல்லிய படிகத் தகடு மட்டும் நிற்கும்படி செதுக்கும் அயனிக்கற்றைக் கருவிக்குத் தனிக் கட்டணம், தனி வரிசை. விலைப்பட்டியலின் அடியில் சிறிய எழுத்தில் கிடந்த இந்த வரிதான், சவ்வுப் புரதக்காரர்கள் முதலில் படிக்க வேண்டியது.

செதுக்கிய பிறகு நடந்தவற்றில் குறை காண இடமில்லை. வினாடிக்குச் சதுர ஆங்ஸ்ட்ராமுக்கு 0.01 எலக்ட்ரான் என்ற மிகக் குறைந்த அளவில், படிகத்தை நிறுத்தாமல் சுழற்றிக்கொண்டே படமெடுத்தார்கள். தாங்கி முழுவட்டம் திரும்பாததால் விடுபடும் கோணங்களை நிரப்ப, வெவ்வேறு கிடையில் இருந்த படிகங்களின் தரவைத் தாமாகவே இணைத்து, எந்தப் படிகத்தை ஏன் ஒதுக்கினார்கள் என்ற விளக்கத்தோடு மூலப் படங்களையும் தந்தார்கள். அந்த அறிக்கை ஒன்றுக்கே கட்டணம் தகும்.

ஒத்த புரதத்தின் அமைப்பு ஏற்கெனவே கையில் உள்ளவர்களுக்கு இச்சேவையைப் பரிந்துரைப்பேன். அது இல்லையென்றால், புள்ளிகளின் செறிவில் பதிவாகாத அலைக்கட்டத்தை மீட்கும் ‘கட்டச் சிக்கலை’த் தீர்க்க இவர்களிடம் வழியில்லை. முழுக் கட்டணத்துக்கு முன், புள்ளிகள் எவ்வளவு தூரம் தெரிகின்றன என்று மட்டும் பார்த்துச் சொல்லும் ஒரு முன்சோதனையைக் கேட்டிருக்கிறோம். பரிசீலிப்பதாகப் பதில் வந்திருக்கிறது, விலை வரவில்லை.