ஹனாபி: கையில் இருப்பது உங்களுக்கு மட்டும் தெரியாத சீட்டாட்டம்

வழக்கமான சீட்டாட்டத்தில் நம் சீட்டை நாம் பார்ப்போம், மற்றவர்களுக்குக் காட்டமாட்டோம். ஹனாபியில் சீட்டின் முகம் மற்றவர்கள் பக்கம். உங்களுக்கு முதுகு மட்டும்தான். எல்லாரும் ஒரே அணி. பிரான்ஸைச் சேர்ந்த அந்துவான் பௌசா வடிவமைத்து 2010இல் வெளிவந்த இந்த ஆட்டம், 2013இல் ஜெர்மனியின் ‘ஸ்பீல் டெஸ் யாரெஸ்’ (ஆண்டின் சிறந்த ஆட்டம்) விருதை வென்றது.

சின்னப் பெட்டிதான். உள்ளே ஐந்து நிறத்தில் 50 சீட்டுகள். ஒவ்வொரு நிறத்திலும் 1 என்ற எண் மூன்று, 2, 3, 4 இரண்டிரண்டு, 5 ஒன்றே ஒன்று. ஒவ்வொரு நிறத்தையும் 1 முதல் 5 வரை வரிசையாக இறக்க வேண்டும். முழுசாக முடித்தால் 25 புள்ளி. உங்கள் முறை வரும்போது ஒரு டோக்கன் கொடுத்து இன்னொருவருக்கு அவர் சீட்டின் நிறத்தையோ எண்ணையோ குறிப்பாகச் சொல்லலாம், ஒரு சீட்டைக் கழித்து டோக்கனை மீட்கலாம், அல்லது சீட்டை இறக்கலாம். கழித்தாலும் இறக்கினாலும் கட்டிலிருந்து ஒரு புதுச் சீட்டு எடுக்க வேண்டும். குறிப்பு டோக்கன் 8. தப்பான சீட்டை மூன்று தடவை இறக்கினால் ஆட்டம் காலி.

இதன் உயிரே அந்த 8 டோக்கனில்தான் இருக்கிறது. ஐந்து பேர் ஆடினால் ஆளுக்கு நான்கு சீட்டு, கட்டில் மீதி 30. கடைசிச் சீட்டை எடுத்தபின் ஆளுக்கு ஒரு முறை. ஆக, இறக்குவதும் கழிப்பதும் சேர்ந்து 35க்கு மேல் போகாது. 25 இறக்க வேண்டும் என்றால் கழிக்க 10 தான். ஒரு நிறத்தின் 5ஐ இறக்கினாலும் ஒரு டோக்கன் திரும்பும். கடைசி 5க்குக் கிடைப்பது மட்டும் பயன்படாது, அதோடு ஆட்டம் முடிந்துவிடும். 8, 10, 4 கூட்டினால் 22 குறிப்பு. 25 சீட்டுக்கு 22 குறிப்பு! ஒரு குறிப்புக்கு ஒரு சீட்டு என்று ஆடினால் கணக்கே இடிக்கும். இருவர் ஆடினால் 17 சீட்டு வரை கழிக்கலாம், 29 குறிப்பு வரை கிடைக்கும். அதனால்தான் ஆள் கூடக் கூட ஆட்டம் இறுகுகிறது.

அப்படியானால் ஒரு குறிப்பில் இரண்டு வேலை நடக்க வேண்டும். மேசையில் சிவப்பு 1, நீலம் 1 இருக்கிறது. பக்கத்தில் இருப்பவர் கையில் சிவப்பு 2, நீலம் 2. “இது ரெண்டு, இதுவும் ரெண்டு” என்று ஒரு டோக்கனில் முடித்துவிடலாம். ஆனால் அதே கையில் பச்சை 2ம் இருந்து, பச்சை 1 இன்னும் இறங்கவில்லை என்றால் இதே குறிப்பு ஆபத்து. சொன்ன எண்ணில் உள்ள எல்லாச் சீட்டையும் காட்டியே ஆக வேண்டும், ஒன்றை மறைக்க விதியில் இடமில்லை.

தொடங்குமுன் மூன்று உடன்பாடு போதும். புதுச் சீட்டு எப்போதும் இடது ஓரம். கழிப்பது வலது ஓரத்தில் உள்ள, குறிப்புப் பெறாத சீட்டு. அந்த வலது ஓரச் சீட்டுக்குக் குறிப்பு வந்தால் “இதை விட்டுவிடாதே” என்று பொருள். இடது வலது எல்லாம் சீட்டைப் பிடித்திருப்பவர் கணக்கில். எதிரே இருப்பவருக்கு மாறித் தெரியும். புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். 5ஐக் கவனிக்காமல் கழித்தால் அந்த நிறம் 4இல் நின்றுவிடும். ஒரு 3 ஏற்கெனவே கழிந்திருந்தால் மற்ற 3க்கும் அதே மதிப்பு.

சதுரங்கத்தில் எல்லாமே பலகையில் தெரியும். இங்கே “இவர் ஏன் இப்போது இதைச் சொன்னார்?” என்பதும் ஒரு தகவல். 2019இல் கூகுளின் டீப்மைண்ட் ஆய்வாளர்கள் செயற்கை நுண்ணறிவுக்கான சவாலாக ஹனாபியை முன்வைத்ததற்கும் இதுவே காரணம்.

ஆட்டம் கெடுவது பெரும்பாலும் வாயால்தான். “மூணூ…” என்று இழுப்பதும், கழிக்கப் போகும்போது “அய்யய்யோ” என்பதும் இலவசக் குறிப்பு. அதை அனுமதித்தால் 8 டோக்கனுக்கு மதிப்பே இல்லை. இன்னொன்று, முதுகில் கறையோ மடிப்போ பட்ட சீட்டு. கோலாலம்பூர் ஈரக் காற்றில், மாமாக் கடை மேசையில் தே தாரிக் பக்கத்தில் வைத்து ஆடினால் இது சீக்கிரமே நடக்கும். உங்களுக்குத் தெரியக்கூடாத சீட்டை அந்த மடிப்பே காட்டிக்கொடுத்துவிடும். முதல் நாளே உறை போடுங்கள். அளவு பார்க்க ஒரு சீட்டைக் கடைக்குக் கொண்டுபோவது நல்லது.

தீபாவளி திறந்த இல்ல உபசரிப்புக் கூட்டத்துக்கு இது ஒத்துவராது; ஐந்து பேருக்கு மேல் ஆட முடியாது, சத்தத்திலும் சரிவராது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று நான்கு பேர் அரை மணி நேரம் உட்கார்ந்தால் அருமை. நன்றாக ஆடத் தெரிந்த ஒருவர் மற்ற எல்லாருக்கும் கட்டளை போடும் தொல்லை, பல கூட்டு ஆட்டங்களில் உள்ளது, இதில் இல்லவே இல்லை. அவருக்கும் தன் சீட்டு தெரியாதே. சில பதிப்புகளில் ஆறாவதாகப் பலவண்ணச் சீட்டுகளும் வரும். 20 புள்ளி தொடர்ந்து எடுக்கும்வரை அவற்றைப் பெட்டியிலேயே வைத்திருங்கள்.