கிங் கவுண்டி தேர்தல் துறையின் தரவுச் சேவை: வாக்குப்பதிவுக்குத் தாராளம், அரசியல் சாய்வுக்குச் சிக்கனம்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சியாட்டில், பெல்வியூ, ரெட்மண்ட் முதலிய நகரங்களைக் கொண்டது கிங் கவுண்டி (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி). இங்கே பதிவு செய்த வாக்காளர்கள் ஏறத்தாழ 14 லட்சம் பேர். கவுண்டியின் தேர்தல் துறை தன் இணையதளத்தில் இலவசமாக வெளியிடும் வாக்குப்பதிவுப் புள்ளிவிவரங்களையும் முடிவுகளையும் பற்றியது இந்த மதிப்புரை. மக்களில் எத்தனை பேர் வாக்களிக்கிறார்கள் என்ற கேள்விக்கு இச்சேவை தயங்காமல் விடை சொல்கிறது. அவர்கள் எந்தப் பக்கம் சாய்கிறார்கள் என்ற கேள்விக்கோ வாசகரையே உழைக்க வைக்கிறது.

வாக்குப்பதிவு விவரம் இவ்வளவு நன்றாக அமைந்ததற்கு வாக்களிக்கும் முறையே காரணம். 2009 முதல் இக்கவுண்டியில் எல்லாத் தேர்தல்களும் அஞ்சல் வழியே நடக்கின்றன. வாக்குச்சீட்டு வீடு தேடி வருகிறது; நிரப்பிக் கையெழுத்திட்ட உறையை அஞ்சலில் சேர்க்கலாம், அல்லது தெருமுனைகளிலும் நூலகங்களிலும் உள்ள டிராப் பாக்ஸ் எனும் வாக்குச்சீட்டுப் பெட்டி ஒன்றில் போடலாம். 2018 முதல் அஞ்சல்தலையும் ஒட்ட வேண்டியதில்லை. வந்துசேரும் உறைகள் எண்ணிப் பதிவு செய்யப்படுவதால், தேர்தல் நாளுக்கு வெகு முன்பிருந்தே எந்தப் பகுதியிலிருந்து எவ்வளவு சீட்டு திரும்பியிருக்கிறது என்பதை வாசகர் அன்றாடம் பார்த்துவர முடிகிறது. மெர்சர் தீவு போன்ற வசதியான இடங்கள் முன்னே ஓடுவதும், கென்ட், டக்வில்லா, சீடாக் போன்ற தெற்குப் பகுதிகள் பின்தங்குவதும் ஆண்டுக்கு ஆண்டு அநேகமாக மாறுவதில்லை.

ஆண்டுகளை ஒப்பிடும்போதுதான் இத்தரவின் முழுப் பயன் விளங்குகிறது. அதிபர் தேர்தல் நடந்த 2020இல் சுமார் 87 சதவீதத்தினர் வாக்களித்த இதே கவுண்டியில், உள்ளாட்சிப் பதவிகளுக்கான 2023 தேர்தலில் 40 சதவீதத்தைக்கூட எட்ட முடியவில்லை. இத்தகைய உள்ளாட்சித் தேர்தல்கள் நடக்கும் ஒற்றைப்படை ஆண்டுகளில் வாக்களிப்போர் வயதில் மூத்தவர்களாகவும் சொந்த வீடு உள்ளவர்களாகவும் இருக்கும் போக்கு அதிகம் என்பதால், இது எண்ணிக்கைக் குறைவோடு நிற்பதில்லை. முடிவெடுக்கும் கூட்டமே வேறாகிவிடுகிறது. இதைக் கருதியே, கவுண்டி நிர்வாகத் தலைவர், கவுன்சில் உறுப்பினர் முதலிய பதவிகளுக்கான தேர்தலை இரட்டைப்படை ஆண்டுகளுக்கு மாற்றும் சாசனத் திருத்தத்தை வாக்காளர்கள் 2022இல் ஏற்றார்கள். ஒரு சிறு எச்சரிக்கை: இந்தச் சதவீதங்கள் பதிவு செய்த வாக்காளர்களை அடிப்படையாகக் கொண்டவை. தகுதியிருந்தும் பதிவு செய்யாதவர்கள் இக்கணக்கில் வருவதில்லை.

அரசியல் சாய்வுக்கு வருவோம். பல அமெரிக்க மாநிலங்களில் வாக்காளர் பதிவின்போதே கட்சியும் குறிக்கப்படுவதால், பதிவுப் பட்டியலைப் பார்த்தே ஒரு கவுண்டியின் நிறத்தை ஓரளவு சொல்லிவிடலாம். வாஷிங்டனில் அந்த வழக்கம் கிடையாது. அதிபர் வேட்பாளருக்கான முதல்நிலைத் தேர்தலில் மட்டுமே உறையின்மேல் ஒரு கட்சியைக் குறிக்க வேண்டும். ஆகவே சாய்வை அறிய முடிவுகளே கதி. தேர்தல் சான்றளிக்கப்பட்டபின் வெளிவரும், 2,500க்கும் மேற்பட்ட சிறு வாக்குப்பகுதிகளைத் தனித்தனியே காட்டும் இறுதிக் கோப்புதான் இச்சேவையின் புதையல். விரிதாளில் வடிகட்டத் தெரியாதவருக்கு அது வெறும் எண்காடு.

உழைப்பவருக்குக் கிடைப்பது என்ன? கவுண்டி முழுவதையும் ஒன்றாகப் பார்த்தால், 2020இலும் 2024இலும் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு வாக்குகள் ஜனநாயகக் கட்சிக்குச் சென்றிருக்கின்றன. குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஒருவர் இங்கே கடைசியாக வென்றது 1984இல், ரேகன் காலத்தில். அந்த ஒற்றை எண்ணைப் பிரித்தால் வேறு படம் தெரிகிறது. தென்கிழக்கில் இனம்க்ளா வட்டாரம் குடியரசுக் கட்சிப் பக்கம் நிற்கிறது. ஒருகாலத்தில் அக்கட்சியின் புறநகர்க் கோட்டையாக இருந்த பெல்வியூ கைமாறிவிட்டது. சியாட்டிலுக்குள்ளோ போட்டி இரு கட்சிகளுக்கிடையே நடப்பதில்லை. மிதவாத இடதுக்கும் தீவிர இடதுக்கும் இடையே நடக்கிறது. அதைக் கட்சிப் பெயரைக் கொண்டு இந்தத் தளத்தில் தேடினால் ஒன்றும் அகப்படாது, ஏனெனில் நகரப் பதவிகளுக்கான வாக்குச்சீட்டில் கட்சிப் பெயரே இருப்பதில்லை.

எனக்குள்ள பெரிய குறை தேர்தல் இரவு முடிவுகள் முன்வைக்கப்படும் விதம் பற்றியது. இரவு எட்டு மணிக்கு வாக்களிப்பு முடிந்த சிறிது நேரத்தில் வரும் முதல் எண்ணிக்கையில் முன்கூட்டியே அனுப்பியவர்களின் சீட்டுகளே மிகுதி. கடைசி நேரத்தில் பெட்டியில் போடுவோர் பெரும்பாலும் இளைஞர்கள், சியாட்டிலில் இன்னும் இடப்பக்கம் சாய்ந்தவர்கள். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சியாட்டில் நகரக் கவுன்சிலின் அப்போதைய சோசலிஸ்ட் உறுப்பினர் க்ஷமா சாவந்த் 2019இல் முதல் இரவில் பின்தங்கியிருந்து பிறகு வென்றார். 2021 டிசம்பரில் அவரைப் பதவியிலிருந்து திரும்பப் பெறும் வாக்கெடுப்பும் முதல் இரவில் வெல்வதுபோல் தோன்றி, இறுதியில் சுமார் 300 வாக்குகளில் தோற்றது. 2025 சியாட்டில் மேயர் தேர்தலில் கேட்டி வில்சன் ஏறத்தாழ 2,000 வாக்குகளில் வென்றதும் இதே வகைதான். இவ்வளவு நிலையான போக்கை, முதல் எண்ணிக்கை வெளியாகும் அந்தப் பக்கத்தின் தலைமாட்டிலேயே பெரிய எழுத்தில் விளக்க வேண்டும் என்பது என் கருத்து.

நம்பகத்தன்மையில் குறை சொல்ல மனம் வரவில்லை. 2004 ஆளுநர் தேர்தலில் மறுஎண்ணிக்கை வெறும் 129 வாக்கு வித்தியாசத்தில் முடிந்தபோது, தவறாக ஒதுக்கப்பட்ட நூற்றுக்கணக்கான சீட்டுகள் இக்கவுண்டியில் கண்டெடுக்கப்பட்டுப் பெரும் சர்ச்சை எழுந்தது. அதன் பின்னர் வந்த சீர்திருத்தங்களில் ஒன்றாக, துறையின் இயக்குநரே 2009 முதல் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுகிறார். ரென்டனில் உள்ள தலைமையகத்தில் எண்ணும் பணியைப் பொதுமக்கள் சுற்றிவந்து பார்க்கலாம். தங்கள் சீட்டு எங்கே இருக்கிறது, கையெழுத்து ஏற்கப்பட்டதா என்பதை வாக்காளர்கள் இணையத்தில் அறியலாம்.

உள்ளூர் அரசியலை எழுதுவோருக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் இச்சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஐந்துக்கு நான்கு தரலாம். வாக்குப்பகுதி எல்லைகள் இடையிடையே மாற்றப்படுவதால், பழைய கோப்பையும் புதிய கோப்பையும் பெயரை மட்டும் வைத்துப் பொருத்திவிடாமல், அந்தந்த ஆண்டின் எல்லை வரைபடத்தையும் சேர்த்தே பதிவிறக்கிக்கொள்வது நல்லது.