க்ளேயா, ஹார்டா? கடலூர்–புதுச்சேரிக் கரைக்கு ஏற்ற டென்னிஸ் தளம்

ஆண்கள் ஒற்றையர் போட்டி நடத்துகிற தரத்தில் இரண்டு தளம் போடலாம் என்று கடலூரிலோ புதுச்சேரியிலோ ஒரு கிளப் கூடிப் பேசினால், முதல் கூட்டத்திலேயே இரண்டு கட்சி உருவாகிவிடும். ரோலண்ட் காரோவை (பாரிஸில் க்ளேயில் நடக்கும் பிரெஞ்சு ஓப்பன்) கண்கொட்டாமல் பார்க்கிறவர்கள் செங்கல்தூள் க்ளே கேட்பார்கள். மற்றவர்கள் கான்கிரீட் மேல் அக்ரிலிக் பூசிய ஹார்ட் கோர்ட் போதும் என்பார்கள். நாங்கள் எடுத்தது ஹார்ட். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

க்ளேயில் பந்து மெதுவாக வந்து உயர எழும்பும், ராலி நீளும், முட்டி தப்பிக்கும். ஹார்டில் சர்வீஸுக்கு மதிப்பு அதிகம், வெயிலில் கால் சுடும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. சென்னை, பெங்களூரு, புனே, டெல்லி சேலஞ்சர்கள் (ஏடிபி டூருக்கு அடுத்த படியில் உள்ள போட்டிகள்) ஹார்டில் நடப்பதால், இங்கிருந்து கிளம்பும் பையன் அதில் பழகுவது நல்லது. 2024-ல் சென்னை நுங்கம்பாக்கத்தில் இந்திய வீரர் சுமித் நாகல் சேலஞ்சர் பட்டம் வென்றதும் ஹார்டில்தான். ஆனால் அதே ஆண்டு அவர் ஜெர்மனியின் ஹைல்பிரானில் பட்டம் வென்றது க்ளேயில். கால் நகர்வும் பொறுமையும் க்ளேயில் படிவதுபோல வேறெங்கும் படியாது என்பதை மறுக்க முடியாது. லைன் நடுவர் வைக்க வசதியில்லாத உள்ளூர்ப் போட்டியில், பந்து விழுந்த தடம் மண்ணில் தெரிவதே பாதிச் சண்டையைத் தீர்த்துவிடும்.

இவ்வளவு சொல்லியும் ஹார்டுக்குப் போகக் காரணம் ஒன்றுதான், பராமரிப்பு. அதிலும் தண்ணீர்.

ஓடிப் பிடிக்கும் இடமும் சேர்த்து ஒரு தளம் 36.57 மீட்டர் நீளம், 18.29 மீட்டர் அகலம். ஏறக்குறைய 670 சதுர மீட்டர். க்ளேயை 3 மி.மீ. நனைக்கவே 2,000 லிட்டர் வேண்டும். நம் ஊர் மே மாத வெயிலில் காலை ஒரு தடவை, ஆட்டத்துக்கு முன் ஒரு தடவை என்று இரண்டு முறை அடிக்காவிட்டால் தூள் பறக்கும், கால் வழுக்கும். கடற்கரையை ஒட்டிய இடங்களில் போர் தண்ணீர் உப்பாக இருக்கும். 'உப்பு ஈரத்தைப் பிடித்து வைக்குமே, நல்லதுதானே' என்பார்கள். க்ளேயில் ஈரம் நிற்கத் தூவுவது கால்சியம் குளோரைடு. கடல்நீர் கலந்த போரில் வருவது பெரும்பாலும் சோடியம் உப்பு. அது களித்துகள்களைப் பிரித்துவிடும். காய்ந்ததும் மேலே வெள்ளை பூத்து, ஓடுபோல ஒரு பொருக்கு கட்டும். ரோலர் போட்டால் அது பாளம் பாளமாகப் பெயரும். நல்ல தண்ணீரை லாரியில் வாங்கி ஊற்றினால் கிளப்பின் மாதச் சந்தா அதற்கே சரியாகப் போகும்.

மண்ணிலும் ஏமாறுவார்கள். வானூர்ப் பக்கம் செம்மண் கொட்டிக் கிடக்கிறதே என்று அதையே விரித்தால் நனைந்ததும் சேறு, காய்ந்ததும் வெடிப்பு. க்ளேயின் சிவப்பு, நன்றாக வெந்த சூளைச் செங்கல்லை அரைத்த தூளில் இருந்து வருவது. நெய்வேலிச் சாம்பலில் செய்யும் சாம்பல் கல் உதவாது. அது சூளையில் வேகாத கல், அரைத்தால் வருவது வெறும் சாம்பலும் மணலும். மேல்தூள் 2 மி.மீ. போட ஒரு தளத்துக்கு ஏறக்குறைய அரை யூனிட் (50 கன அடி) பிடிக்கும். வடகிழக்குப் பருவமழை அதை அடித்துக்கொண்டு போகும். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது பெய்தது போன்ற மழை என்றால் மேல்தூளோடு அடியடுக்கும் கரைந்துவிடும்.

போட்டி வாரத்தில் இந்த வித்தியாசம் இன்னும் கடிக்கும். 32 பேர் டிராவில் 31 ஆட்டம். இரண்டு தளத்தில் நாளுக்கு எட்டு ஆட்டம் என்றால் முதல் சுற்றுக்கே இரண்டு நாள். நடுவில் ஒரு மணி நேரம் கொட்டினால், வாட்டம் (தண்ணீர் வடியும் சரிவு) சரியாக உள்ள ஹார்டில் ரப்பர் துடைப்பானால் தள்ளி, வெயில் இருந்தால் அரை மணியில் ஆட விடலாம். ஊறிப்போன க்ளேயில் அன்றைய அட்டவணையே போச்சு. மழை இல்லாத நாளிலும் செட்டுக்குச் செட்டு தூளைச் சமப்படுத்தத் தளத்தின் மேல் வலை இழுத்து, கோடு பெருக்கி, தண்ணீர் காட்ட ஒரு மார்க்கர் (தளம் பார்க்கும் ஆள்) கூடவே நிற்க வேண்டும். அப்படி வேலை தெரிந்த மார்க்கர் கிடைத்து, நல்ல தண்ணீர்க் கிணறும் இருக்கிற இடத்தில் (பண்ருட்டிப் பக்கம் உள்ளே தள்ளி, உதாரணத்துக்கு) எங்கள் கணக்கு அப்படியே பொருந்தாமல் போகலாம்.

ஹார்டுக்கும் இங்கே ஒரு எமன் உண்டு, ஓதம். நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் ஊரில் ஈரம் கான்கிரீட் வழியே ஏறி, வெயில் பட்டதும் ஆவியாகி, அக்ரிலிக்கைக் கொப்புளமாகத் தூக்கும். கொப்புளத்தின் மேல் ஷூ திரும்பினால் பெயிண்ட் பிய்ந்து வரும். அதற்கு மேல் எத்தனை கோட் அடித்தாலும் நிற்காது. தடுப்பு அடியிலேயே இருக்க வேண்டும்: இறுக்கிய ஜல்லிப் படுகை, அதன் மேல் 250 மைக்ரான் பாலித்தீன் ஷீட், இணைப்பில் ஒரு அடி மேலேற்றி டேப். பிறகுதான் கான்கிரீட். மேலே மழமழவென்று தேய்க்கக் கூடாது, துடைப்பம் இழுத்த சொரசொரப்பு வேண்டும். தண்ணீர் கட்டித்தான் கியூரிங் செய்ய வேண்டும். அதற்குப் பதில் கியூரிங் காம்பவுண்ட் (ஈரம் போகாமல் மேலே அடிக்கும் ரசாயனம்) அடித்தால் அக்ரிலிக் ஒட்டாது.

வாட்டம் நூற்றுக்கு ஒன்று, ஒரே பக்கமாக, ஒரு பக்கவாட்டிலிருந்து மறுபக்கவாட்டுக்கு. 18.29 மீட்டர் அகலத்துக்கு 18 செ.மீ. இறக்கம். நெட்டுக்கடியில் மேடு வைத்து இரண்டு பக்கமும் சரிக்கும் மேஸ்திரியை முதல் நாளே நிறுத்துங்கள். கான்கிரீட் போட்டு 28 நாள் முடிந்ததும் தளம் முழுக்கத் தண்ணீர் விட்டு, வடிந்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஒரு ரூபாய் நாணயம் மூழ்கும் பள்ளம் எதையும் விடாமல் நிரவ வேண்டும். தளம் நன்றாகக் காய்ந்த பிறகு ஒன்றரை அடிச் சதுரப் பாலித்தீனை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஓர் இரவு விடுங்கள். காலையில் அடியில் முத்துமுத்தாக நீரோ கறுத்த தடமோ இருந்தால் பெயிண்ட் டப்பாவைத் திறக்காதீர்கள்.

பந்தின் வேகத்தை அக்ரிலிக் நிறப் பூச்சில் கலக்கும் மணல் தீர்மானிக்கும். மணல் கூடவும் பருமனாகவும் இருந்தால் தளம் மெதுவாகும். க்ளே கட்சிக்காரர்களைப் பாதியாவது சமாதானப்படுத்த இது ஒரு வழி. ஆனால் ஷூவும் பந்தும் சீக்கிரம் தேயும்.

மறுபூச்சு 4 முதல் 8 ஆண்டுக்கு ஒருமுறை. அதைப் பிப்ரவரி, மார்ச்சில் வைத்துக்கொள்ளுங்கள். காலை பத்து மணிக்குள் அன்றைய கோட் முடிய வேண்டும். உச்சி வெயிலில் இழுத்தால் பூச்சு, அதை இழுக்கும் ரப்பர் பலகைக்கு அடியிலேயே காய்ந்து வரிவரியாக நிற்கும், அதைத் தேய்த்து எடுப்பது பூசுவதை விடப் பெரிய வேலை.