நாய்க்குட்டியா, வளர்ந்த நாயா?

பிள்ளைகள் ஆசைப்படுவது பெரும்பாலும் குட்டிக்குத்தான். ஆனால் குட்டி என்பது இன்னொரு கைக்குழந்தை. நடுராத்திரியில் எழுந்து வெளியே கூட்டிப்போக வேண்டும். 6 முதல் 8 வாரத்தில் தொடங்கும் தடுப்பூசிகள் 16 வாரம் வரையாவது தொடரும். 4 மாதம் வாக்கில் பால்பல் விழத் தொடங்கினால் செருப்பு, மேசைக்கால், பிள்ளைகளின் விரல் என எதையும் கடித்துப் பார்க்கும். ஆனாலும் சின்ன வயதிலேயே உங்கள் வீட்டு ஆட்களுக்கும் சத்தங்களுக்கும் பழகிவிடும். அது பெரிய பலம்.

வளர்ந்த நாயின் அளவும் குணமும் கண்முன்னே தெரியும். குழந்தைகளிடம் எப்படி நடந்துகொள்ளும் என்று இதுவரை வளர்த்தவரிடமே கேட்கலாம். புது வீட்டில் ஒட்டச் சில வாரங்கள் பிடிக்கும், சரி. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுக்கு நான் இதைத்தான் சொல்வேன். பகலில் ஆள் இருந்தால் மட்டும் குட்டி.