9 எம்எம்மா, .22-வா? பழைய ரிம்ஃபயர் ரவைத் துப்பாக்கிகள் ஓர் ஒப்பீடு

இந்தப் பழைய ரவைத் துப்பாக்கிகள் பார்வைக்குச் சிறுவர்களின் .22 (0.22 அங்குல விட்டக் குழல்) ரைஃபிள் போல இருக்கும். பின்புற அடைப்பான போல்ட்டைத் திறந்து, தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு குழலுக்குள் பார்த்தால், குண்டைச் சுழலவைக்கும் திருகுக் கோடுகளான புரிகளே இருக்காது. ஒற்றைக் குண்டு பாய்வதற்காக அல்ல, பொடி ரவைகள் தெறிப்பதற்காகச் செய்யப்பட்ட வழுவழுப்பான குழல். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தானியக் கிடங்கின் எலிக்கும், தோட்டத்தில் பழம் கொத்தும் பறவைக்கும் இவற்றைத்தான் எடுத்தார்கள். அருங்காட்சியகங்களுக்காகச் சிறு பறவைகளைத் தோல் கெடாமல் சேகரித்தவர்களும் .22 நுண்ரவைத் தோட்டாவை நம்பியிருந்தார்கள்.

வாங்கிச் சுடவும் நினைப்பவர் துப்பாக்கியைப் பார்ப்பதற்கு முன் தோட்டாவைப் பார்க்க வேண்டும். ரிம்ஃபயர் தோட்டாவில் தீமருந்து அடிவிளிம்புக்குள்ளேயே இருக்கிறது. ஒருமுறை சுட்ட கூட்டை வீட்டில் மறுபடி நிரப்ப முடியாது. கடையில் கிடைத்தால் உண்டு. ஸ்டீவன்ஸ் நிறுவனத்தின் ‘ஃபேவரிட்’ வரிசையில் .32 ரவைத் தோட்டாவுக்கான அழகான துப்பாக்கி உண்டு. அதற்குத் தோட்டா தேடுவதே தனிப் பொழுதுபோக்காகிவிடும். ஆகவே களத்தில் மிஞ்சுவது, பிரெஞ்சுக்காரர் ஃப்ளோபேரின் பெயரில் வழங்கும் 9 எம்எம் தோட்டாவும் .22-வும்தான்.

இத்தாலியின் ஃபியோக்கி நிறுவனம் இன்றும் செய்யும் 9 எம்எம் தோட்டாவில் கால் அவுன்ஸ், அதாவது சுமார் 7 கிராம், 8-ஆம் எண் ரவை இருக்கிறது. சிசிஐ நிறுவனத்தின் .22 ரவைத் தோட்டாவில் இருப்பது 31 கிரெயின், வெறும் 2 கிராம். 12-ஆம் எண் ரவை; எண் கூடக்கூட ரவை பொடியாகும். எண்ணிக்கையில் .22 முந்தும்: அதில் 160-க்கு மேல், 9 எம்எம்மில் 100 அளவில். ஆனால் 8-ஆம் எண் ரவை ஒன்று 12-ஆம் எண் ரவையைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு கனம். பொடி ரவை சில கஜங்களிலேயே காற்றில் வேகத்தை இழந்து சோர்ந்துவிடும். எலியைச் சட்டென்று முடிக்க வேண்டுமானால் எனக்கு 9 எம்எம்தான். விலையிலும் கிடைக்கும் வசதியிலும் .22 வெல்லும் என்பதை மறுக்கவில்லை.

9 எம்எம்மில் அமெரிக்கப் பிரதிநிதி வின்செஸ்டர் மாடல் 36. 1920 முதல் 1927 வரை சுமார் 20,000 மட்டுமே செய்தார்கள். ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1900-ஆம் ஆண்டு ஒற்றைத் தோட்டா ரைஃபிளின் வழிவந்தது. பின்புறக் குமிழைக் கையால் இழுத்தால்தான் சுடத் தயாராகும். மெதுவானது, ஆனால் சிக்கலில்லாதது. வரிசை எண் கிடையாது என்பதால் எந்த ஆண்டில் செய்தது என்று துல்லியமாகச் சொல்ல வழியில்லை. அக்காலத் தீமருந்து குழலை அரிக்கும் வகை. துடைக்காமல் வைத்தவரின் துப்பாக்கியில் உட்சுவர் முழுக்கக் கரும்புள்ளிகள் விழுந்திருக்கும். ரவைக்கு லேசான புள்ளிகளால் பெரிய கேடில்லை. விலை பேசும்போது மட்டும் அதைப் பெரிதுபடுத்துங்கள்.

மாடல் 36-இன் குழல் 18 அங்குலம். பிரிட்டனில் சாதாரண ஷாட்கன் சான்றிதழுக்குக் குழல் 24 அங்குலமாவது இருக்க வேண்டும். குறைந்தால் கடுமையான வேறு உரிமம். அங்கே இருப்பவருக்கு வெப்லி அண்ட் ஸ்காட் போன்றவர்கள் செய்த ‘கார்டன் கன்’ என்ற 9 எம்எம் தோட்டத் துப்பாக்கி எவ்வளவோ வசதி.

.22 பக்கம் கதை சுவாரசியமானது. சாதாரண .22 ரைஃபிளிலேயே ரவைத் தோட்டாவைப் போடலாமே என்பார்கள். போடலாம், புரிகள் ரவைக் கொத்தைச் சுழற்றி நாலாபுறமும் வீசி, நடுவில் ஓட்டை விட்டுவிடும். ஃப்ரெட் ரூட்லெட்ஜ் என்ற அமெரிக்கர் ஒரு படி மேலே போனார். குழலின் தொடக்கத்தில் மட்டும் .22 அளவு, அதன்பின் வாய்வரை அகலமான துளை. ரெமிங்டன் 121, வின்செஸ்டர் 61 ஆகியவற்றில் இந்த வகை வந்தது. கையடக்கக் களிமண் தட்டுகளைச் சுடும் விளையாட்டுக்காக. சேகரிப்பாளர்கள் அடித்துக்கொள்வது இதற்குத்தான், போலிகளும் இதில்தான் அதிகம். தேய்ந்த ரைஃபிள் குழலைக் குடைந்துவிட்டு ‘தொழிற்சாலைச் சரக்கு’ என்று விற்கிறார்கள். விளக்கு வெளிச்சத்தில் அகலம் மாறும் படி சீராகத் தெரிகிறதா, குழல்வாயின் நீலப்பூச்சு பழையதுதானா, நிறுவன முத்திரை இந்த வகைக்கு உரியதா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று இடறினாலும் வாங்காதீர்கள்.

மாஸ்பெர்க் நிறுவனம் 1940 வாக்கில் கொண்டுவந்த ‘டார்கோ’வில் இந்தப் பகட்டு இல்லை. துப்பாக்கியிலேயே பொருத்தும் சிறு எறிபொறி தட்டை வீசும். துணைக்கு ஆள் வேண்டாம், எறிபவரும் சுடுபவரும் நீங்களே. குழல்வாயில் புரியிட்ட துண்டைத் திருகினால் குண்டும் சுடலாம். எறிபொறி இல்லாமல் வரும் டார்கோவுக்கு முழு விலை கொடுக்காதீர்கள். தனியாக அதைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

என் வரிசை இது: பயன்பாட்டுக்கு 9 எம்எம், விளையாட்டுக்கு டார்கோ, கண்ணாடிப் பேழைக்கு ரூட்லெட்ஜ். மலிவாகக் கிடைக்கிறதே என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு ஃப்ளோபேர் கூடத்துத் துப்பாக்கியை (வீட்டுக் கூடத்தில் பொழுதுபோக்காகச் சுட்டது) வாங்கினால் சுவரில் மாட்டுவதோடு நிறுத்துங்கள். அவற்றில் பலவற்றில் குழலின் பின்புறத்தை இறுக அடைக்கும் பூட்டு என்று எதுவும் இல்லை. சுத்தியலின் கனமும் வில்லின் அழுத்தமும் மட்டுமே தோட்டாவின் பின்புறத்தைத் தாங்குகின்றன. இன்றைய அதிவேக .22 அதில் வெடித்தால் தோட்டாக் கூடும் வாயுவும் திரும்பி வருவது சுடுபவரின் முகத்துக்குத்தான்.